பிரிட்டனில் கரண்ட் பில் எகிறுகிறதா? அறிகுறியைப் பார்த்து டாரிஃப் தேர்ந்தெடுக்கும் வழி

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் பகுதிகளில் வாடகை வீட்டிலோ சொந்த வீட்டிலோ இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வட அயர்லாந்தில் ஒழுங்குமுறை ஆணையமும் வேறு, விலை விதிகளும் வேறு. அங்கே இருப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது.

"எந்தக் கம்பெனி சீப்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு லாபமாக இருக்கும் திட்டம் எதிர்வீட்டுக்கு நஷ்டமாக இருக்கும், ஏனென்றால் மீட்டர் வகை, வருடத்துக்கு எத்தனை யூனிட், எந்த நேரத்தில் செலவு என்ற மூன்றும் வீட்டுக்கு வீடு மாறும். அதனால் உங்கள் பிரச்சினை எந்த அறிகுறியோடு பொருந்துகிறது என்று கீழே தேடிப் பாருங்கள். எதைப் படித்தாலும் ஒன்றை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்: மாதா மாதம் பேங்கிலிருந்து போகும் தொகையை வைத்து ஒரு டாரிஃபை, அதாவது விலைத் திட்டத்தை, மலிவு என்றோ அதிகம் என்றோ சொல்லவே முடியாது. ஒரு யூனிட்டுக்கு எத்தனை பென்ஸ், ஒரு நாளைக்கு ஸ்டாண்டிங் சார்ஜ் (செலவழித்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் விழும் கட்டணம்) எத்தனை பென்ஸ், வருடத்துக்கு நீங்கள் எத்தனை யூனிட், இந்த மூன்று எண்களில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் கையில் இருக்க வேண்டியவை

மீட்டரைப் போட்டோ எடுங்கள், ரீடிங்கும் சீரியல் நம்பரும் தெளிவாகத் தெரியும்படி. கடைசி பில்லை எடுத்து வையுங்கள். அதில் டாரிஃப் பெயர், அது முடியும் தேதி, பாதியில் விலகினால் கட்ட வேண்டிய எக்ஸிட் ஃபீ, யூனிட் விலை, ஸ்டாண்டிங் சார்ஜ் எல்லாமே இருக்கும், பெரும்பாலும் இரண்டாம் பக்கத்தில் சின்ன எழுத்தில். வருட உபயோகமும் அங்கேயே கிலோவாட் மணி கணக்கில் போட்டிருக்கும். ஒரு கிலோவாட் மணி என்பது நம் ஊரில் சொல்லும் ஒரு யூனிட்டேதான்.

வீட்டுக்கு வந்து ஒரு வருடம் ஆகவில்லையென்றால் அந்த வருட எண் வெறும் அனுமானம். கேஸில் ஹீட்டிங் ஓடும் சராசரி வீட்டுக்கு 2,700 யூனிட் என்று ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்ஜெம் 2023 அக்டோபரிலிருந்து கணக்கு வைத்தது. நாளைக்கு சுமார் 7.4 யூனிட் வரும். ஹீட்டிங்கும் வெந்நீரும் கரண்டில் ஓடும் ஃபிளாட் என்றால் இதைவிட எவ்வளவோ கூடும்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் ஒரு பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். அங்கே இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அப்புறம் படிப்படியாக விலை ஏறும், 500-ஐத் தாண்டிவிட்டால் மொத்தக் கணக்கே மாறிவிடும். அதனால் கடைசி வாரம் ஏசியை அணைத்து 500-க்குள் நிறுத்தப் பார்ப்போம். இங்கே சாதாரண ஒற்றை விலைத் திட்டத்தில் அப்படிப் படியே கிடையாது. முதல் யூனிட்டும் மூவாயிரமாவது யூனிட்டும் ஒரே விலை. எந்த எல்லையையும் தாண்டிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம், அதேபோல் குறைவாகச் செலவழிப்பவருக்கு இலவசமும் கிடையாது.

அறிகுறி: டைரக்ட் டெபிட் திடீரென்று ஏறிவிட்டது

உடனே கம்பெனி மாறாதீர்கள். விலை ஏறியதா, தவணை மட்டும் ஏறியதா என்று பிரித்துப் பாருங்கள்.

டைரக்ட் டெபிட் என்பது வருடச் செலவை அனுமானித்து பன்னிரண்டாகப் பிரித்த தவணை. கோடையில் நீங்கள் கட்டுவது செலவைவிடக் கூடுதலாக இருக்கும், கணக்கில் பணம் சேரும். குளிர்காலத்தில் அது கரையும். செப்டம்பர், அக்டோபரில் நூறு, நூற்றைம்பது பவுண்டு வரவில் நிற்பது சாதாரணம். மார்ச் முடிந்த பிறகும் பெரிய தொகை வரவில் நின்றால் அது உங்கள் பணம், திருப்பிக் கேளுங்கள்; நியாயமான காரணம் சொல்ல முடியாவிட்டால் சப்ளையர், அதாவது உங்களுக்குக் கரண்ட் விற்கும் கம்பெனி, கொடுத்தாக வேண்டும்.

சரி, ஏன் ஏறியது? பில்லில் ரீடிங் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அனுமானம் என்ற பொருளில் எஸ்டிமேட்டட் என்றோ வெறும் E என்ற ஆங்கில எழுத்தோ இருந்தால் யாரும் உங்கள் மீட்டரைப் படிக்கவில்லை. இன்றைக்கு ரீடிங் எடுத்து ஆப்பிலோ இணையத்திலோ கொடுத்து பில்லைத் திருத்தச் சொல்லுங்கள். ரீடிங் சரியாக இருந்து, பழைய பில்லுக்கும் புதிய பில்லுக்கும் யூனிட் விலையும் மாறாமல் இருந்தால் ஏறியது உபயோகம்தான், டாரிஃப் மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. தவணையை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று எழுத்தில் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. கேளுங்கள், பல சமயம் கேட்ட உடனேயே குறைப்பார்கள்.

இதன் மறுபக்கம் இன்னும் மோசமானது. "மாதம் 60 பவுண்டுதான்" என்று புதிய கம்பெனி ஒன்று சொல்கிறது, பழையவர் 95 எடுக்கிறார். நீங்கள் வருடத்துக்கு 3,400 யூனிட் செலவழிக்கும் வீட்டில் இருந்துகொண்டு விண்ணப்பத்தில் "சிறிய வீடு, இரண்டு பேர்" என்று தட்டியதால் அது 1,800 என்று வைத்துக்கொண்டு தவணை போட்டிருக்கும். யூனிட் விலை பழையவரைவிட அதிகமாகவே இருக்கலாம்! முதல் குளிர்காலம் முடிந்ததும் கணக்கில் சில நூறு பவுண்டு பாக்கி நிற்கும், தவணை 120-க்குத் தாவும். எந்த இணையதளத்தில் ஒப்பிட்டாலும் வீட்டு அளவைக் கேட்கும் இடத்தைத் தாண்டி, யூனிட் எண்ணிக்கையை நேராகத் தட்டும் இடத்தைத் தேடிப் போடுங்கள்.

அறிகுறி: இரண்டு திட்டமும் ஒன்றுபோலவே தெரிகிறது, எது மலிவு என்று புரியவில்லை

காகிதத்தில் போட்டால் இரண்டு நிமிட வேலை. உதாரணத்துக்கு நானே வைத்த விலைகள்: முதல் திட்டம் யூனிட் 24 பென்ஸ், ஸ்டாண்டிங் சார்ஜ் நாளைக்கு 55 பென்ஸ். இரண்டாவது யூனிட் 26.5 பென்ஸ், ஸ்டாண்டிங் 40 பென்ஸ்.

வருடத்துக்கு 1,500 யூனிட் செலவழிக்கும் தனி ஆளுக்கு முதல் திட்டத்தில் 560.75 பவுண்டு, இரண்டாவதில் 543.50. யூனிட் விலை அதிகமான திட்டம்தான் அவருக்கு லாபம். 4,000 யூனிட் போகும் குடும்பத்துக்கு முதலாவது 1,160.75, இரண்டாவது 1,206. தராசு சாயும் இடத்தைக் கண்டுபிடிக்க ஸ்டாண்டிங் வித்தியாசத்தை 365-ஆல் பெருக்கி, யூனிட் விலை வித்தியாசத்தால் வகுக்க வேண்டும்: 15 பென்ஸ் × 365 ÷ 2.5 பென்ஸ் = 2,190 யூனிட். அதற்குக் கீழே இருந்தால் இரண்டாவது, மேலே இருந்தால் முதலாவது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. வீட்டு மின்சாரத்துக்கு 5 சதவீதம் வாட் வரி உண்டு. பல பில்களில் யூனிட் விலையை வரி சேர்க்காமல் போட்டு, கடைசியில் மொத்தத்துக்கு 5 சதவீதம் சேர்ப்பார்கள். புதிய திட்டத்துக்கான விலைப் பட்டியலிலோ வரி சேர்த்தே இருக்கும். பழைய பில்லில் 24, புதிய திட்டத்தில் 24.8 என்று பார்த்துவிட்டு "நம்முடையதே பரவாயில்லை" என்று இருந்துவிடுவார்கள். வரியோடு பார்த்தால் பழையது 25.2. புதியதுதான் மலிவு.

அறிகுறி: ஊருக்குப் போய் ஆறு வாரம் வீடு பூட்டியிருந்தது, ஆனாலும் பில் வந்திருக்கிறது

ஸ்டாண்டிங் சார்ஜ் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடும். கம்பி, மீட்டர், வலையமைப்புப் பராமரிப்பு எல்லாம் அதில் அடக்கம். நாளைக்கு 50 பென்ஸ் என்றால் 42 நாளைக்கு 21 பவுண்டு. நாடு 14 விநியோகப் பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது, பகுதிக்குப் பகுதி இது மாறும். லண்டனில் குறைவு, வட வேல்ஸ், மெர்சிசைடு பக்கம் மிக அதிகம். லிவர்பூலில் இருக்கும் அண்ணன் லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கும் தம்பியின் டாரிஃப் விலையைப் பார்த்துப் பொருமுவதில் பயனில்லை, அதே கம்பெனி அதே திட்டத்துக்கே இரண்டு ஊரில் இரண்டு விலை வைக்கும். எப்போதும் உங்கள் போஸ்ட்கோடு போட்டுத்தான் விலை பார்க்க வேண்டும்.

முன்கூட்டியே பணம் போட்டு ஓட்டும் பிரீபேமென்ட் மீட்டர் வைத்திருப்பவர்கள் ஊருக்குப் போகும் முன் டாப்-அப் செய்துவிட்டுப் போங்கள். ஸ்டாண்டிங் சார்ஜ் தினமும் கழிந்துகொண்டே இருக்கும். இருப்பு தீர்ந்தால் திரும்பி வரும்போது ஃபிரீசரில் இருந்ததெல்லாம் கெட்டுக் கிடக்கும்.

அறிகுறி: இரவு விலை மலிவான எகானமி 7 எடுத்தும் பில் குறையவில்லை

மிக அதிகமாகப் பணம் வீணாவது இங்கேதான். வாடகைக்கு வருபவர்கள் பெரும்பாலும் தெரியாமலேயே இந்தத் திட்டத்தில் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எகானமி 7 என்றால் இரவில் ஏழு மணி நேரம் மலிவு விலை, மீதி பதினேழு மணி நேரம் சாதாரணத் திட்டத்தைவிடக் கூடுதல் விலை. இரவில் சூடேறி, பகலில் அந்தச் சூட்டை வெளிவிடும் ஸ்டோரேஜ் ஹீட்டர்களுக்காக வந்த ஏற்பாடு. முந்தைய குடியிருப்பாளர் ஸ்டோரேஜ் ஹீட்டர் வைத்திருப்பார், அப்புறம் வீட்டு ஓனர் கேஸ் பாய்லர் போட்டிருப்பார், மீட்டர் மட்டும் அப்படியே இருக்கும்.

உங்களுக்கு இது லாபமா என்று பார்க்க ஒரே ஒரு வகுத்தல் போதும். ஒற்றை விலைத் திட்டத்தில் யூனிட் 25 பென்ஸ், எகானமி 7-இல் பகல் 30, இரவு 15 என்று வைத்துக்கொள்வோம். பகல் விலையில் ஒற்றை விலையைக் கழித்தால் 5. பகலில் இரவைக் கழித்தால் 15. ஐந்தைப் பதினைந்தால் வகுத்தால் மூன்றில் ஒரு பங்கு. மொத்த உபயோகத்தில் மூன்றில் ஒரு பங்காவது அந்த ஏழு மணி நேரத்துக்குள் போனால்தான் கையைக் கடிக்காது. ஃபிரிட்ஜும் வைஃபையும் மட்டும் இரவில் ஓடும் வீட்டில் ஏழு மணி நேரத்துக்கு அரை யூனிட், முக்கால் யூனிட்தான் போகும். நாளைக்கு ஏழரை யூனிட் செலவழிப்பவருக்கு அது பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. அவர் இந்தத் திட்டத்தில் இருக்கவே கூடாது. சப்ளையரைக் கூப்பிட்டு ஒற்றை விலைக்கு மாற்றச் சொல்லுங்கள். சிலர் மீட்டரை மாற்றாமலேயே இரண்டு ரீடிங்கையும் கூட்டி ஒரே விலையில் பில் போடுவார்கள், சிலர் மீட்டரை மாற்ற வேண்டும் என்பார்கள்.

ஸ்டோரேஜ் ஹீட்டர் உண்மையிலேயே இருந்து, அப்படியும் பில் ஏறினால் மூன்று இடத்தைத் தேடுங்கள்.

ஒன்று, மலிவு நேரம் எப்போது தொடங்குகிறது. அது ஊருக்கு ஊர், மீட்டருக்கு மீட்டர் மாறும். பல பழைய மீட்டர்களின் கடிகாரம் கோடையில் ஒரு மணி நேரம் முன்னே நகராது. குளிர்காலத்தில் 12.30-க்குத் தொடங்கும் மலிவு நேரம் கோடையில் உங்கள் கைக்கடிகாரப்படி 1.30-க்குத்தான் தொடங்கும். வாஷிங் மெஷினுக்கு 12.45 என்று டைமர் வைத்திருந்தால் கோடை முழுக்க தண்ணீர் சூடாக்கும் செலவு பகல் விலையில் போயிருக்கும்.

இரண்டு, ரீடிங் இடம் மாறிய பிழை. மீட்டரில் இரண்டு வரி இருக்கும், ரேட் 1, ரேட் 2 என்றோ, லோ, நார்மல் என்றோ. எது பகல், எது இரவு என்பதை சப்ளையர் தலைகீழாகப் பதிவு செய்திருந்தால் உங்கள் ஹீட்டிங் முழுவதும் பகல் விலையில் பில்லாகும். கண்டுபிடிப்பது சுலபம்: காலை பத்து மணிக்கு இரண்டையும் போட்டோ எடுங்கள், மாலை ஆறு மணிக்கு மறுபடி எடுங்கள். இடையில் நகர்ந்த எண்தான் பகல். பில்லில் அந்த எண் இரவு என்ற தலைப்பின் கீழ் இருந்தால் பிழை அங்கேதான், இரண்டு போட்டோவையும் அனுப்பி, பழைய பில்களையும் சேர்த்துத் திருத்தச் சொல்லுங்கள்.

மூன்று, வெந்நீர் டேங்க். அலமாரிக்குள் இருக்கும் அந்த உயரமான உருளையில் பல வீடுகளில் இரண்டு ஹீட்டர் இருக்கும். சுவிட்சில் பாத், சிங்க் என்று எழுதியிருக்கும். பாத் என்பது அடியில் இருப்பது, முழு டேங்கையும் சூடாக்கும். இரவில் ஓட வேண்டியது அதுதான். சிங்க் என்பது மேலே இருப்பது, கொஞ்சம் தண்ணீரை மட்டும் உடனடியாகச் சூடாக்க. மேலே உள்ளதை எந்நேரமும் போட்டு வைத்திருந்தால் 3 கிலோவாட் ஹீட்டர் பகல் விலையில் ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்டோரேஜ் ஹீட்டரிலும் அவுட்புட் திருகை இரவில் மூடி வையுங்கள். திறந்தே விட்டால் நீங்கள் தூங்கும்போது சூடு முழுவதும் வெளியேறி, மாலையில் வீடு குளிர்ந்து, இரண்டு கிலோவாட் ஃபேன் ஹீட்டரை மிக அதிகமான விலையில் போட்டுக்கொண்டு உட்கார வேண்டி வரும்.

பழைய மீட்டர்களில் ஒரு வகை பிபிசி ரேடியோ 4 லாங் வேவ் ஒலிபரப்போடு வரும் சிக்னலைக் கேட்டு விலையை மாற்றிக்கொள்ளும். அந்த சிக்னலை 2025 ஜூன் 30 முதல் பகுதி பகுதியாக நிறுத்தத் தொடங்கினார்கள். மீட்டர் பக்கத்தில் ரேடியோ டெலிசுவிட்ச் என்று எழுதிய கறுப்புப் பெட்டி இருந்து, ஹீட்டிங் தப்பான நேரத்தில் ஓடுகிறது, அல்லது ஓடவே இல்லை என்றால் டாரிஃப் தேடுவதைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் மீட்டரை மாற்றிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: இவ்வளவு யூனிட் நாங்கள் செலவழிக்க வாய்ப்பே இல்லை

முதலில் நிஜமாகவே வாய்ப்பில்லையா என்று பார்ப்போம். நம் வீடுகளில் முதல் சந்தேகம் வெட் கிரைண்டர் மேல்தான் விழும், பாவம், அரை மணி நேரம் ஓடினாலும் அது பத்தில் ஒரு யூனிட்டைத் தாண்டாது. 9 கிலோவாட் எலக்ட்ரிக் ஷவரில் ஒருவர் பத்து நிமிடம் குளித்தால் ஒன்றரை யூனிட். நான்கு பேர் என்றால் ஆறு. 2 கிலோவாட் ஆயில் ஹீட்டரைக் குழந்தை அறையில் ஆறு மணி நேரம் போட்டால் 12 யூனிட் வரை போகும், ஒரு சராசரி வீட்டின் ஒரு நாள் உபயோகத்தையே தாண்டிவிடும். சூடாக்கும் பொருட்களைத்தான் கணக்கெடுக்க வேண்டும்.

அப்புறமும் கணக்கு உதைத்தால் மீட்டர் முன் நின்று ஒரு சோதனை. பெரும்பாலான டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும், பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு 1,000 என்று போட்டிருக்கும். ஒரு சிமிட்டல் ஆயிரத்தில் ஒரு யூனிட். ஃபியூஸ் பாக்ஸில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து பாருங்கள். சிமிட்டல் நின்றுவிட வேண்டும் (சில மீட்டரில் அசையாமல் எரியும், அதுவும் சரிதான்). தொடர்ந்து சிமிட்டினால் மீட்டரே பழுதாக இருக்கலாம், அல்லது உங்கள் வீட்டைத் தவிர வேறு எதற்கோ அந்த மீட்டரிலிருந்து கரண்ட் போகலாம். பழைய பெரிய வீட்டை மூன்று ஃபிளாட்டாகப் பிரித்த இடங்களில் இது நிறைய நடக்கிறது: மாடிப்படி விளக்கு, பக்கத்து ஃபிளாட், சில இடத்தில் மொத்த மீட்டரே மாறியிருக்கும். மீட்டரில் அச்சடித்த சீரியல் நம்பரை பில்லில் உள்ளதோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். வேறாக இருந்தால் நீங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் பில்லைக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அதைச் சரிசெய்யும் வரை கம்பெனி மாறாதீர்கள். மாறினால் பிழையும் கூடவே வரும், பழையவர் புதியவரைக் கைகாட்டுவார், புதியவர் பழையவரைக் கைகாட்டுவார்.

அறிகுறி: ஃபிக்ஸட் திட்டம் முடியப் போகிறது, மறுபடி ஃபிக்ஸ் செய்வதா, விட்டுவிடுவதா?

ஃபிக்ஸட் என்றால் ஒப்பந்தக் காலம் முழுவதும் விலை மாறாத திட்டம். அது முடியும்போது ஒன்றுமே செய்யாவிட்டால் சப்ளையரின் சாதாரண வேரியபிள் (விலை மாறக்கூடிய) திட்டத்தில் விழுவீர்கள். அதற்குத்தான் 2019 ஜனவரியிலிருந்து ஆஃப்ஜெம் வைத்த விலை உச்சவரம்பு, செய்தியில் பிரைஸ் கேப் என்று சொல்வது. அதைப் பற்றிப் பெரிய தவறான நம்பிக்கை இருக்கிறது: செய்தியில் சொல்லும் தொகைக்கு மேல் யாருக்கும் பில் வராது என்று. அப்படியே கிடையாது. உச்சவரம்பு யூனிட் விலைக்கும் ஸ்டாண்டிங் சார்ஜுக்கும்தான். செய்தியில் வரும் தொகை கேஸும் கரண்டும் சேர்த்து சராசரி வீட்டுக்கான வருடக் கணக்கு. நீங்கள் இரண்டு மடங்கு செலவழித்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும்.

2022 அக்டோபரிலிருந்து இது மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாறுகிறது, ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில். புதிய விலையை ஒரு மாதத்துக்கும் முன்பே அறிவித்துவிடுவார்கள். ஆகவே ஃபிக்ஸ் விலையை இன்றைய உச்சவரம்பு விலையோடும், அறிவிப்பு வந்துவிட்டால் அடுத்த காலாண்டு விலையோடும் பென்ஸ் கணக்கில் ஒப்பிடுங்கள். என்னுடைய கருத்து: ஃபிக்ஸ் விலை உச்சவரம்பைவிடத் தெளிவாகக் கீழே இருந்து எக்ஸிட் ஃபீயும் சிறியதாக இருந்தால் எடுத்துவிடுங்கள், குறிப்பாக மாதச் சம்பளத்தில் குழந்தைகளோடு குடும்பம் நடத்துபவர்கள். குளிர்கால நடுவில் விலை ஏறுமோ என்ற கவலை இல்லாமல் இருப்பதற்கே ஒரு மதிப்பு உண்டு. உச்சவரம்புக்கு மேலே விலை வைத்து இரண்டு வருடம் கட்டிப்போடும் திட்டத்தைத் தொடாதீர்கள், விற்பவர் எவ்வளவு பயமுறுத்தினாலும்.

எக்ஸிட் ஃபீ கேஸுக்குத் தனி, கரண்டுக்குத் தனி. 50 என்று போட்டிருந்தால் இரண்டுக்கும் 100. ஆனால் ஃபிக்ஸ் முடிவதற்கு முந்தைய 49 நாட்களில் யாரும் எக்ஸிட் ஃபீ வாங்கக் கூடாது. அந்த 49-ஆவது நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். புதிய ஒப்பந்தம் போட்ட பிறகு மனம் மாறினால் 14 நாள் அவகாசமும் உண்டு. 2022 ஜூலைக்குப் பிறகு சப்ளையர் மாறுவது ஐந்து வேலை நாளில் முடிகிறது, நடுவில் ஒரு நிமிடம்கூட கரண்ட் போகாது.

அறிகுறி: நேரத்துக்கு நேரம் விலை மாறும் திட்டத்துக்குப் போனபின் பில் ஏறிவிட்டது

ஆக்டோபஸ் என்ற சப்ளையரின் அஜைல் போன்ற திட்டத்தில் அரை மணிக்கு ஒரு விலை. அடுத்த நாள் விலை முந்தைய நாள் மாலையில் வெளியாகும். காற்று பலமாக அடிக்கும் இரவில் விலை பூஜ்யத்துக்குக் கீழேகூட இறங்கும். குளிர்கால மாலை 4 முதல் 7 வரை கடுமையாக ஏறும், ஒரு யூனிட் 1 பவுண்டு வரை போக அனுமதி உண்டு. நம் வீட்டில் பள்ளி விட்டு வந்த பிள்ளைகளுக்கு டிபன், இரவுச் சமையல், குளியல் எல்லாம் அந்த மூன்று மணி நேரத்தில்தான் நடக்கும். எலக்ட்ரிக் அடுப்பில் சமைக்கும் குடும்பம் அந்தப் பழக்கத்தை மாற்ற முடியாது என்றால் இந்தத் திட்டம் வேண்டாம். பிள்ளைகளின் சாப்பாட்டு நேரத்தை டாரிஃபுக்காகத் தள்ளிப் போட வேண்டிய அவசியமில்லை.

மின்சாரக் கார் இருந்தால் கதையே வேறு. நள்ளிரவில் சில மணி நேரம் பகல் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு, சில திட்டங்களில் அதற்கும் கீழே கிடைக்கும். 60 யூனிட் பேட்டரியை வாரம் ஒரு முறை நிரப்புபவருக்கு இதற்கு ஈடான திட்டம் கிடையாது. இதற்கெல்லாம் ரீடிங்கைத் தானாகவே சப்ளையருக்கு அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர் வேண்டும், அது அரை மணி ரீடிங் அனுப்ப வேண்டும், நீங்களும் அனுமதி கொடுத்திருக்க வேண்டும். ஹாலில் இருக்கும் சின்னத் திரை வேலை செய்கிறது என்பதால் மீட்டர் ரீடிங் அனுப்புகிறது என்று அர்த்தமில்லை. திரை வீட்டுக்குள்ளேயே மீட்டரோடு பேசும். சப்ளையருக்கு ரீடிங் போவது வேறு வழியில். ஆப்பில் நேற்றைய அரை மணிக் கணக்கு தெரிகிறதா என்று பாருங்கள், அதுதான் சாட்சி.

அறிகுறி: புது வீடு, யார் சப்ளையர் என்றே தெரியவில்லை, "தி ஆக்குபையர்" (குடியிருப்பவர்) என்று பெயரில்லாமல் கடிதம் வருகிறது

அந்தக் கடிதத்தைக் குப்பையில் போடாதீர்கள், அது உங்களுக்குத்தான். சாவி வாங்கிய நாளிலிருந்து ஏற்கெனவே இருந்த சப்ளையரோடு நீங்கள் ஒப்பந்தத்தில் இருப்பதாகவே சட்டம் பார்க்கும். அதில் எக்ஸிட் ஃபீ கிடையாது. சாவி வாங்கிய அன்றே மீட்டரைப் போட்டோ எடுத்து, அந்த ரீடிங்கையும் தேதியையும் கொடுத்து உங்கள் பெயரில் கணக்கு திறந்துவிட்டு, அப்புறம் நிதானமாக மாறுங்கள். சப்ளையர் யார் என்று தெரியாவிட்டால் உங்கள் பகுதி வலையமைப்பு நிறுவனம் சொல்லும். லண்டன், தென்கிழக்கு, கிழக்கு இங்கிலாந்துக்கு யுகே பவர் நெட்வொர்க்ஸ்.

அறிகுறி: வீட்டு ஓனர் மாற விட மாட்டேன் என்கிறார்

பில் உங்கள் பெயரில் வந்து நீங்கள் நேரடியாகக் கட்டினால் சப்ளையரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்குத்தான். பிரீபேமென்டிலிருந்து சாதாரண மீட்டருக்கு மாறினால் காலி செய்யும்போது பழையபடி வைத்துவிட்டுப் போகச் சொல்லலாம், அவ்வளவுதான். அறை வாடகையோடு ஓனரே கரண்ட் காசு தனியாக வாங்கினால் சப்ளையரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்குக் கிடையாது. ஆனால் அவர் தான் கட்டும் யூனிட் விலைக்கு மேல் உங்களிடம் வாங்கக் கூடாது. அவருடைய பில்லைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். முதல் வேலையில் இருக்கும் பிள்ளைகளும் மாணவர்களும் இதைக் கேட்கத் தயங்கி மாதக்கணக்கில் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அறிகுறி: மூன்று வருடத்துக்குச் சேர்த்து ஒரே பில்

உங்கள் மேல் தவறில்லாமல், சப்ளையர் ஒழுங்காகப் பில் போடாததால் வந்த பாக்கி என்றால், 12 மாதத்துக்கு முந்தைய உபயோகத்துக்கு உங்களிடம் பணம் கேட்க முடியாது. மீட்டர் படிக்க வந்தவரைத் திரும்பத் திரும்பத் திருப்பி அனுப்பியிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. போனில் வாதாடாதீர்கள். "இதைப் புகாராகப் பதிவு செய்யுங்கள்" என்று மின்னஞ்சலில் எழுதி, தேதி போட்ட மீட்டர் போட்டோக்களை இணைத்து அனுப்புங்கள். புகார் கொடுத்து எட்டு வாரத்தில் தீரவில்லை என்றாலோ, இதுதான் எங்கள் இறுதி முடிவு என்று அவர்கள் கடிதம் கொடுத்துவிட்டாலோ, சப்ளையர் மேலான புகார்களைத் தீர்த்துவைக்கும் எனர்ஜி ஆம்புட்ஸ்மன் என்ற அமைப்பிடம் போகலாம். உங்களுக்குச் செலவு கிடையாது, அவர்கள் சொல்லும் தீர்ப்பை நீங்கள் ஏற்றுக்கொண்டால் சப்ளையர் அதன்படி நடந்தாக வேண்டும். அதுவரை, சர்ச்சையில் இல்லாத நடப்பு மாதத் தொகையை மட்டும் நிறுத்தாமல் கட்டிக்கொண்டே இருங்கள்.